அப்போதிக்கரி ஐயாவின் மொறிஸ் மைனர்

கச்சிமுகம்மது நெல் வாங்கப் போனால் வாயைத் திறந்ததும் வருவது குறைதான். கல்முனையைச் சுற்றியுள்ள வயல்வட்டைக்காரர் எல்லாருக்கும் அது தெரியும். சூடடித்த களவெட்டியில் குவிந்து கிடக்கும் நெல்லில் ஒரு பிடி அள்ளுவார், இரண்டு மணியைக் கடிப்பார், துப்புவார். "ஈரம் காயல்ல போடியார்" என்பார். சருகாய்க் காய்ந்த நெல்லுக்கும் அதேதான். வயல்காரப் போடியார் மட்டும் இளைத்தவரா? ஈரம் உங்கட பல்லில என்று திருப்பிக் கொடுப்பார். இவர் பதர் என்பார், அவர் பொன் என்பார். கடைசியில் நடுவே ஒரு விலை படியும், தேத்தண்ணி வரும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். இருபத்தைந்து வருடம் இப்படிப் பிழைத்த மனிதருக்கு அதில் ஒருநாளும் வெட்கம் வந்ததில்லை. வெட்கம் வந்தது ஒரு கார் வாங்கப் போன இடத்தில்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்து மூன்று மாதம் இருக்கும். காரைதீவில் அழகரெத்தினம் என்ற ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி அப்போதிக்கரி தன்னுடைய மொறிஸ் மைனரை விற்கப் போகிறார் என்று தகவல் வந்தது. பாவம், சூறாவளி அவருடைய வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. ஓடு வாங்கக் காசு வேண்டும். கச்சிமுகம்மதுவுக்கோ முழங்கால் வலி, சைக்கிள் மிதித்து வட்டைக்குப் போக இனி ஏலாது. மறுநாளே போய் நின்றார்.

பார்வைக்குக் கார் படு மோசம். கார் நின்ற கொட்டில் சரிந்து விழுந்ததில் கூரை நெளிந்திருந்தது. கடற்காற்றில் பெயின்ற் பொருக்குப் பொருக்காக உரிந்து கிடந்தது. ஆனால் சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பூனைக்குட்டி போல உறுமியது. மீற்றரில் பதினோராயிரம் மைல். மழைக்கும் அவசரத்துக்கும் மட்டும்தான் எடுத்தேன், மற்ற நேரம் சைக்கிள்தான் என்றார் அழகரெத்தினம். கச்சிமுகம்மதுவுக்குக் கார் அந்த நிமிடமே பிடித்துப்போய்விட்டது. பிடித்துவிட்டால் அவர் வாய் சும்மா இருக்குமா?

கூரையைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். சீற்றைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு, வேலியோரம் வேடிக்கை பார்த்து நின்ற அயலவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இது பின்னுக்குத் திருப்பின மீற்றர் ஐயா. பதினெட்டு வருசக் கார் பதினோராயிரம்தான் ஓடினதெண்டா பச்சப்புள்ளையும் நம்பாது."

சொல்லிவிட்டு, நியாயமே இல்லாத ஒரு விலையைக் கேட்டார். பதிலுக்கு அவர் ஒன்று சொல்வார், தான் ஒன்று சொல்லலாம் என்று காத்து நின்றார். களவெட்டியில் அப்படித்தான் நடக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்கக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த மனிதருக்குக் களவெட்டி வியாபாரம் என்ன தெரியும்? அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் திருப்பல்ல" என்றார் மெதுவாக. வேலிப்பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு, அந்த விலைக்கே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அன்றைக்குக் கச்சிமுகம்மதுவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. சொல்லி வாய் மூட முதல் கார் கைக்கு வந்த கதையைச் சந்தையில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார்.

நெளிவு எடுத்துப் பெயின்ற் அடிக்க முகைதீன்பாவாவின் கராச்சில் கொண்டுபோய் விட்டார். இரண்டாம் நாள் போனபோது முகைதீன்பாவா கேட்டான், அப்போதிக்கரி மீற்றரைத் திருப்பி விற்றாராமே, ஊரெல்லாம் அதுதான் கதை என்று. கேட்டுவிட்டுக் காரின் கதவைத் திறந்து கீழே காட்டினான்.

"இந்தப் பிரேக் மிதிக்கிற றப்பரப் பாருங்க காக்கா. கோடு ஒண்டும் அழியல்ல. ஸ்பெயார் டயர் இன்னம் றோட்டையே காணல்ல. மீற்றர் சொல்லுறது மெய்தான். ஆரு இந்தக் கதையக் கட்டினது?"

சீ, என்ன மனிசன் நான் என்று கச்சிமுகம்மதுவுக்கு இருந்தது. நெல்லைப் பதர் என்றால் நெல்லுக்கு நோகாது. இங்கே பதர் என்று தூற்றியது ஒரு மனிதரை.

கார் புதுப் பெயின்ற்றோடு வானநீலத்தில் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவர் குறுகிப் போனார். ஓட்டும்போது கண் தானாக மீற்றருக்குப் போகும். சோறு இறங்கவில்லை. மனைவி சபியா உம்மா துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். "காருக்குப் பெயின்ற் அடிச்சாச் சரியா? போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போனார். ஆனால் எப்படிப் போனார் தெரியுமா? குறைத்த காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கூரைக்கு என் பங்கு என்று பெரிய மனிதர் போலக் கொடுத்துவிட்டு, பொய் சொன்னதைச் சொல்லாமலே திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு போனார். வெட்கம் அவ்வளவு கோழையாக்கியிருந்தது.

வீட்டின் பாதிக் கூரைக்கு ஓடு ஏறியிருந்தது, மீதி இன்னும் தென்னோலைக் கிடுகு. வேலை செய்த ஆட்கள் இரண்டு பேர் முற்றத்தில் நின்றார்கள். அயல்வீட்டுக்காரரும் இருந்தார். இவரைக் கண்டதும் அழகரெத்தினம் எழுந்து உள்ளே போய், ஒரு கடிதக்கூட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"முதலாளி, நீங்க அண்டைக்குச் சொன்னதுக்குப் பிறகு எனக்கு நித்திரையில்ல. எழுபத்திரெண்டில இந்தக் கார் கராச்சில நாலு நாள் நிண்டது. அங்க ஆரும் மீற்றரத் திருப்பியிருப்பாங்களோ தெரியா. தெரியாம உங்களுக்குப் பொய் சொல்லிப் போட்டன். கூரை ஓட்டுக் காசில கொஞ்சம் மிச்சம் பிடிச்சு இதில வெச்சிருக்கன். குறை நினைக்காம வாங்குங்க."

கச்சிமுகம்மது கடிதக்கூட்டை அவர் பக்கமே தள்ளினார். ஓடு போட வேண்டிய காசு. தன்னைக் கள்ளன் என்றவனிடம் மன்னிப்புக் கேட்கிறார் மனிதர். பெரிய மனிதப் பேச்செல்லாம் எங்கே போனதோ!

"நான்தான் பொய் சொன்னன் ஐயா." என்றார். அயல்வீட்டுக்காரரைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னார்: "விலை குறைக்கத்தான் சொன்னன். நெல்லுக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னன். ஐயா மீற்றரத் திருப்பல்ல. ஆரும் திருப்பல்ல."

ஏசுவார், வெளியே போ என்பார், இரண்டும் தனக்கு வேண்டியதுதான் என்று நின்றார் கச்சிமுகம்மது. அழகரெத்தினம் ஏசவில்லை. இரண்டு அடி கிட்ட வந்தார்.

"அப்ப மீற்றர் சரிதானா?"

"ஓம் ஐயா. சரிதான்."

கிழவரின் கண் நிறைந்துவிட்டது. திண்ணையில் இருந்த தன் மனைவியின் பக்கம் திரும்பி, "சிவக்கொழுந்து, கேட்டியா? மீற்றர் சரிதானாம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். அந்த முகத்தைப் பார்க்கக் கச்சிமுகம்மதுவால் முடியவில்லை.