துவக்குக்கு வந்த ஊசி

இந்தியாவில் அகதி முகாமில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியபோது, மன்னார்ப் பக்கம் பாப்பாமோட்டையில் எங்களுக்கென்று மூன்று ஏக்கர் வயல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதுவும் காடாகிக் கிடந்தது. மிதிவெடி பார்த்து முடித்து, காட்டை வெட்டி எரித்து, வரம்பு கட்டி, வந்த இரண்டாம் வருஷம்தான் மாரி மழையை நம்பி முதல் காலபோகம் விதைத்தோம். நெல் முழங்கால் உயரம் வந்ததும் காட்டுப்பன்றிகள் இறங்கின. ஆட்கள் இல்லாத அத்தனை வருஷமும் அதுகள்தான் அங்கே குடியிருந்தவை. நாங்கள்தான் இடையில் வந்தவர்கள். ஒரு கூட்டம் ஒரு தரம் வந்து போனால் கால் ஏக்கர் உழுதுபோட்ட மாதிரிக் கிடக்கும். அந்த நெல் போனால் அடுத்த வருஷம் விதைக்க விதைநெல்லும் இல்லை, அதுவரைக்கும் தின்னச் சோறும் இல்லை.

என் மனுசனிடம் ஒரு துவக்கு இருந்தது. லைசன்ஸ் உள்ள, வயல் காவலுக்கான ஒற்றைக்குழல் துவக்கு. சண்டை தொடங்கிய காலத்தில் எல்லாரையும் போல அவரும் அதைப் பொலிசில் ஒப்படைத்திருந்தார். திரும்பி வந்த பிறகு கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோருக்கும் பொலிசுக்கும் செருப்புத் தேய நடந்து, லைசன்சைப் புதுப்பித்து, அதே துவக்கை வாங்கிக்கொண்டு வந்தார். எங்களுக்கு முன்னமே துவக்கு மீள்குடியேறிவிட்டது என்று நான் பகிடி பண்ணினேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. திறந்து பார்த்தால், தோட்டாவின் பின்பக்கத்தில் போய்த் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி முறிந்து கிடந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு துண்டு இரும்பு. அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் தடிதான்.

மன்னார் ரவுணில் லேத் வைத்திருந்தவரிடம் கொண்டுபோனோம். அவர் முறிந்த ஊசியைக் கையால் தொடவே இல்லை.

"அக்கா, பம்ப் கொண்டு வாங்கோ, மோட்டார்சைக்கிள் கொண்டு வாங்கோ, செய்து தாறன். துவக்குச் சாமானை மட்டும் என்ர கடைக்குள்ள கொண்டு வராதேங்கோ."

அவரில் பிழை சொல்ல முடியாது. துவக்கு திருத்துவதற்கும் தனியாக லைசன்ஸ் வேண்டும், அவரிடம் அது இல்லை. அந்த லைசன்ஸ் உள்ள ஒருவரை வவுனியாவில் தேடிப் பிடித்தோம். இந்தத் துவக்கைச் செய்த கொம்பனியை மூடி எத்தனையோ காலம், இதற்குச் சாமான் இலங்கையில் இல்லை என்று அவர் கையை விரித்தார்.

என் தம்பி கனடாவில் இருக்கிறான். துவக்கில் அடித்திருந்த இலக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் இன்ரநெற்றில் அந்த நாட்டுக் கடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். பழைய துவக்குகளுக்கு உதிரிச் சாமான் விற்கும் கடை. எங்களுடைய ஊசி அங்கே இருந்தது. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் எங்கள் அரசாங்கம் அனுமதிக் கடிதம் தர வேண்டும். அதைக் காட்டி அவர்கள் தங்கள் அரசாங்கத்திடம் ஏற்றுமதி அனுமதி எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் பொதி கட்டுவார்கள். தம்பி எல்லாவற்றையும் எனக்குப் போனில் வாசித்துக் காட்டினான்.

"எவ்வளவு நாள் செல்லுமாம்?" என்று கேட்டேன்.

"மாதக் கணக்கில செல்லும் அக்கா. வருஷமும் ஆகலாம்."

"நெல்லு இன்னும் கொஞ்ச நாளையில குடலையாகிக் கதிர் தள்ளப் போகுது. பன்றி கடிதம் வரும் மட்டும் பாத்துக்கொண்டு நிக்குமே? நீ உன்ர பேரில வாங்கி அனுப்படா."

அனுப்பு என்று சொன்னது நான்தான். அதை இன்றைக்கும் மறைக்கமாட்டேன். ஆனால் பொதியின் மேல் அவன் என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கடை சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. உள்ளே என்ன இருந்தாலும் வெளியில் 'அன்பளிப்பு' என்று எழுதி, ஒரு சாதுவான சாமானின் பெயரையும் போட்டுவிடுவார்கள். எங்கள் பொதியில் 'தண்ணீர்ப் பம்ப் உதிரிப்பாகம், அன்பளிப்பு' என்று எழுதியிருந்தான். அவனுக்கு அது பொய்யாகவே தெரிந்திராது.

ஊருக்கு வந்தது பொதி அல்ல, ஒரு அறிவித்தல். சுங்கத்தில் திறந்து பார்க்க வேண்டும், அடையாள அட்டையுடன் கொழும்புக்கு வரவும் என்றிருந்தது. என் மனுசன் வயலை விட்டு அசைய முடியாது. பன்றி கலைக்கத் தகரம் தட்டித் தட்டி அவருடைய கை மரத்துப்போயிருந்தது. நான் வெளிக்கிட்டேன். அடையாள அட்டையோடு துவக்கு லைசன்சையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். முகாமில் இருந்தவர்களுக்கு அது விளங்கும். அங்கே கணக்கெடுக்க வரும் அதிகாரி வாயைத் திறக்க முதல் அட்டையை நீட்ட வேண்டும். கேட்ட பிறகு தேடினால் சந்தேகம். ஒன்றைக் கேட்டால் மூன்றைக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டியவர்களுக்குத்தான் அரிசி ஒழுங்காகக் கிடைத்தது. இருபது வருஷம் அப்படி நீட்டிப் பழகிய கை இது. தொட்டில் பழக்கமே சுடுகாடு மட்டும் என்றால், முகாம் பழக்கம் எங்கே போகும்?

கொழும்பில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் எங்கள் மன்னார்ப் பக்கத்து முசலியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கிளாக்கர் இருந்தார். அவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அக்கா, பம்ப் சாமான் எண்டு எழுதிக் கிடக்கு. சரியோ எண்டு கேக்கிறார்."

திறந்து பார்த்தாலும் அது வெறும் துண்டு இரும்புதான், ஓம் என்று ஒரு சொல் போதும். கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர் சொல்லி முடிக்க முதலே என் கை லைசன்சை எடுத்து மேசையில் வைத்துவிட்டது.

"பம்ப் இல்லைத் தம்பி. துவக்கின்ர ஊசி. லைசன்ஸ் எல்லாம் ஒழுங்காக் கிடக்கு, பாருங்கோ."

கிளாக்கரின் முகம் மாறியது. குனிந்து ஏதோ எழுதுகிற மாதிரிப் பாவனை செய்துகொண்டு, "அதை உள்ள வையுங்கோ" என்றார் மெதுவாக. எனக்குக் கேட்டது. விளங்கத்தான் இல்லை. நன்றாகத் தெரியட்டும் என்று லைசன்சை அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்தேன். மடைச்சி. இப்போதும் அந்த இடத்தை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கும்.

அதிகாரி ஒரு கையில் பொதியையும் மறுகையில் லைசன்சையும் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சத்தம் போடவும் இல்லை. அவர் சொல்லச் சொல்லக் கிளாக்கர் தமிழில் சொன்னார். அனுமதி எடுக்காமல் துவக்குச் சாமான் கொண்டுவந்தது ஒரு குற்றம். வேறு பெயர் எழுதி மறைத்தது இரண்டாவது குற்றம். ஓடர் பண்ண முதலே அமைச்சுக்கு எழுதியிருக்க வேண்டும்.

"மறைக்கிற ஆள் லைசன்சைக் கையில கொண்டு வருமே?" என்று கேட்டேன்.

கிளாக்கர் அதைச் சொல்ல, அதிகாரி லைசன்ஸ் இலக்கத்தை எழுதிக்கொண்டே பதில் சொன்னார்.

"அதைப் பொலிசில சொல்லட்டாம்" என்றார் கிளாக்கர்.

"உண்மையைச் சொன்னதுக்காவது விடமாட்டினமோ?"

"உண்மையைச் சொன்னதாலதான் அக்கா எழுத வேண்டிக் கிடக்கு."

ஊசியைச் சுங்கம் எடுத்துக்கொண்டது. நாலாம் நாள் பொலிஸ் வீட்டுக்கு வந்து துவக்கையும் லைசன்சையும் கொண்டுபோனது. விசாரணை முடியும் மட்டும் என்றார்கள். இது சுடாத துவக்கு ஐயா என்று என் மனுசன் சொல்ல, அப்ப ஏன் வச்சிருக்கிறீர் என்று கேட்டார்கள். அவரை இரண்டு தரம் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்து, எச்சரித்து விட்டார்கள். துவக்கு திரும்பி வரவில்லை.

பக்கத்து வயல்காரி சண்டை முடியும் மட்டும் வன்னிக்குள்ளேயே கிடந்து வந்தவள். கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"நுணலும் தன் வாயால கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? கேக்காததைச் சொல்லப்படாது எண்டு இஞ்ச பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் இந்தியாவில என்னத்தைத்தான் படிச்சனிங்கள்?"

அவளோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது.

நெல் பால் பிடித்த நேரம் பன்றிகள் ஒரேயடியாக இறங்கின. நாங்கள் தகரம் தட்டினோம், சீனவெடி போட்டோம், தொண்டை கிழியக் கத்தினோம். ஒன்றுக்கும் அடங்கவில்லை. ஒரு கிழமைக்குள் மூன்று ஏக்கரில் இரண்டரை போய்விட்டது. மிச்சத்தை மாட்டுக்கு அறுக்கத் தொடங்கினோம். அறுத்துக்கொண்டு நின்ற என் மனுசன் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"நீ உண்மையைத்தான் சொன்னனி. அதுக்கு உன்னோட கோவிக்கேலாது. ஆனா இனிமேல் ஆர் வந்து என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு."

அவர் என்னை ஏசியிருந்தால் ஆறியிருக்கும். முகாமில் அத்தனை பசியிலும் ஒரு பொய் சொல்லாத மனுசன். அவருடைய வாயால் இதைக் கேட்க வேண்டி வந்ததை நினைத்து வரம்பில் குந்தியிருந்து அழுதேன்.

பிறகு ஒரு நாள் காலமை, கையில் ஒரு படிவத்தோடு ஒரு அலுவலர் வீட்டுக்கு வந்தார். என் மனுசன் கூலிவேலைக்குப் போயிருந்தார். அலுவலர் மரியாதையாகத்தான் கதைத்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், நேரமில்லை என்று நின்றபடியே கேட்டார்.

"அம்மா, இந்தப் போகம் பன்றியால உங்களுக்கு அழிவு வந்ததோ?"

"தெரியாது ஐயா."

"எத்தினை ஏக்கர் விதைச்சனிங்கள்?"

"தெரியாது ஐயா."

"காவலுக்குத் துவக்கு ஏதும் இருக்கோ?"

"எங்களுக்கு ஒண்டும் தெரியாது ஐயா."

அவர் கொஞ்சம் ஏற இறங்கப் பார்த்தார். "நட்டஈட்டுக்குத்தான் அம்மா பதியிறம். விதைநெல்லும் குடுப்பினம். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

துவக்கைக் கொண்டுபோனவர்களும் முதலில் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் எங்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.