நீலத் தொட்டியில் பேர் தெரியாத மரம்

“பேர் தெரியாத மரத்துக்குத் தண்ணி ஊத்தறவன்...” என்று என் பெரியப்பா ஆரம்பிப்பார். பின்பாதி எனக்கு மறந்துபோய்விட்டது. திட்டா வாழ்த்தா என்பதுகூட நினைவில்லை. செடி விற்கிற தொழிலிலோ, யாராவது பேர் கேட்டால் உடனே ஒரு பேரைச் சொல்லிவிட வேண்டும். யோசித்தால் வியாபாரம் போச்சு. தொட்டிச் செடி வளர்த்துத் தோற்றவர்களே, என் வித்தை ஒரே ஒரு மரத்திடம் பலிக்காமல் போன கதை இது.

நோயாளி வந்தது

எண்பதுகளின் கடைசியில், சிங்கப்பூர் கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்து, சென்னையை ஒட்டிய பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் செடிக்கடை போட்டேன். வெளிநாட்டில் இருந்தவனுக்கு மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கிற போன்சாய் தெரியாமல் இருக்குமா என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அங்கே நான் வெட்டி வளைத்ததெல்லாம் இரும்பு.

சேலையூர் ஸ்டெல்லா டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஆழமில்லாத நீலப் பீங்கான் தொட்டி. அதில் ஒரு முழம்கூட இல்லாத கிழட்டு மரம். பாதி இலை உதிர்ந்துவிட்டது. கப்பலில் வேலை பார்க்கும் கணவர் அந்தோணி ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியதாம். அதன் பேர் அவருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு லீவில் வருகிறார். “பேர் தெரிஞ்சாத்தானே வெயிலா நிழலான்னு தெரியும்? எப்படியாவது காப்பாத்துங்க சார். செத்துப்போச்சுன்னா அவர் என்னை ஒண்ணும் சொல்லமாட்டார். அதான் பயமா இருக்கு.”

ஆட்டுப் பரிசோதனை

காம்பைக் கிள்ளினால் பால் வந்தது. ஆல், அரசு, அத்திக் கூட்டம் என்று அதுவரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் நகரவில்லை. புத்தகப் படத்தில் இருந்த எல்லா இலையும் அதே இலைதான் போலவும் இருந்தன, இல்லை போலவும் இருந்தன. தண்ணீரைக் குறைத்தேன், இலை உதிர்ந்தது. கூட்டினேன், அப்போதும் உதிர்ந்தது.

பீர்க்கன்கரணையிலிருந்து எனக்கு ஆட்டு எரு கொண்டுவரும் கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சார், ஒரு குச்சிய வெச்சுகினு இம்மாம் பேஜார் பட்ற? ஆட்டாண்ட காட்டு. தின்னா நம்மூரு மரம், தின்னலன்னா ஃபாரின்.” நான் பதில் சொல்வதற்குள் அவர் கூட்டிவந்த கிடா ஒரு கிளையை மொட்டையடித்துவிட்டது. ஓடிப்போய்த் தொட்டியைத் தூக்கினேன். கன்னியம்மா முகத்தில் பரம திருப்தி. “பாத்தியா, நம்மூருதான். பேரையும் அதாண்டயே கேட்டுக்க.”

அரசன் என்றால் அரசன்

ஆட்டுக்குப் பயந்து மரத்தைச் சுவரோரம் உயரப் பலகையில் ஏற்றினேன். அங்கே விசாலாட்சி அம்மா கண்ணில் பட்டது. கடையின் பெரிய வாடிக்கையாளர். அவர் வீட்டு மொட்டைமாடியில் பாதி என் கடைதான். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அரச மரம்!” என்றார். அரசிலைக்கு நுனியில் வால் இருக்கும், இதற்கு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். “குட்டை மரத்துக்கு வாலும் குட்டையாத்தான் இருக்கும்.”

வெள்ளிக்கிழமைதோறும் சுற்ற வருவாராம். சுவரோரம் இருந்தால் எப்படிச் சுற்றுவது, கீழே இறக்கு என்றார். தட்ட முடியுமா? வாதாம் மரத்தடியில் வெறும் தரையில் இறக்கி, ஆட்டுக்காகச் சுற்றிலும் முள் வைத்தேன். அவர் முள்ளுக்கு வெளியே சுற்றினார். வாரா வாரம் சொம்புத் தண்ணீர் ஊற்றினார். ஐப்பசி மழையும் கொட்டியது. மழை விட்ட ஒருநாள் பார்த்தால், செப்பு நிறத்தில் கொழுந்து! என் வைத்தியம் என்று நான் நினைத்தேன். தன் வேண்டுதல் என்று அவர் நினைத்தார். “பெரிய மரத்தைச் சுத்தினா முட்டி வலிக்குது தம்பி. இதுதான் என் வயசுக்கேத்த சைஸ்.”

அசையாத தொட்டி

டிசம்பரில் டீச்சரும் அந்தோணியும் வந்தார்கள். மரம் குட்டிக் குடை போல நின்றது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியைத் தூக்கப் போனார். அசையவில்லை. அந்தோணியும் கை கொடுத்தார். ஊஹூம். தொட்டியோரம் தரை மண்ணைக் கிளறிப் பார்த்தேன். தொட்டியின் அடி ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு வேர் தரைக்குள் இறங்கியிருந்தது. வைத்தியமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. எங்களுக்குத் தெரியாமல் அது வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இருப்பதைச் சொன்னேன். வேரை அறுத்தால் தொட்டியோடு வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆனால் இப்போது மரமே அந்த ஒற்றை வேரில்தான் நிற்கிறது, பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. தொட்டியை உடைத்து இங்கேயே விட்டால் பிழைக்கும், வீட்டுக்கு வராது.

டீச்சர் கணவரைப் பார்த்தார். டீச்சர் பயந்தபடியே அந்தோணி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிரித்தார். “தொட்டிக்குள்ளயே அடங்கி இருக்கும்னு சொல்லித்தான் வித்தான் சார். செடிக்கடைக்காரன் பேச்சை நம்பலாமா?”

டீச்சர் சிரிக்கவில்லை. “இவர் ஜனவரியில கப்பலுக்குப் போயிடுவார். ஸ்கூல்லேர்ந்து வந்ததும் அதுகிட்டதான் சார் எல்லாரையும் திட்டித் தீர்ப்பேன். ஆனா அது சாகக் கூடாது. நீங்கதானே டாக்டர், நீங்களே முடிவு பண்ணுங்க.”

பெரியப்பா சொல்லி நான் மறந்த பின்பாதியில் சுத்தியல் இருந்ததா என்று தெரியாது. நான் சுத்தியலை எடுத்து அந்த நீலத் தொட்டியை உடைத்தேன்.