இரண்டாவது கெட்டிமேளம்

கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுக்க வேண்டும் என்று அக்காவே சொன்னாள். லூனாஸ் ஊரிலுள்ள தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்யும் பெண்ணின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "எல்லா மூஞ்சியும் மாவு பூசுன மாதிரி இருக்கு தம்பி. நீயே எடு. தாலி கட்டுறப்ப ஒரே ஒரு படம் நல்லா விழுந்தா போதும் எனக்கு."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை படித்த முதல் ஆள் நான். வீட்டுக்குள் வரும் எந்தப் பெட்டியில் ஆங்கிலம் அச்சடித்திருந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். ஆனால் கடையில் என் பேச்சு எடுபடாது. சுங்கை பட்டாணி டவுனிலுள்ள கேமரா கடைக்கு மாமா தன் காடியை ஓட்டிக் கூட்டிப் போனார். எனக்கு வேண்டியவை, ஏற்கெனவே இருந்த கேமராவுக்கு உபரியாக ஒரு பேட்டரி, நம்பகமான மெமரி கார்டு, கல்யாணம் நடக்கவிருந்த பீடோங் கோயில் மண்டபத்து இருட்டுக்கு ஒரு ஃபிளாஷ். மாமாவுக்கு வேண்டியது பருமன்.

"என்னடா இது, தீப்பெட்டியாட்டம்? பெருசா எடு லா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்கணும்ல."

கடை முதலாளி தவுக்கே சிரித்துக்கொண்டே, கடையில் இருப்பதிலேயே பெரிய ஃபிளாஷை எடுத்து வைத்தார். இலவசமாக லென்ஸுக்கு ஒரு ஃபில்டரும் கழுத்துப்பட்டையும் தந்தார். வீட்டில் ஃபில்டரை மாட்டிச் சாமி விளக்கைப் படம் எடுத்தேன். சுடருக்குப் பக்கத்தில் பச்சையாக இன்னொரு பேய்ச்சுடர் மிதந்தது. கழற்றிப் போட்டேன். கழுத்துப்பட்டையின் போலித் தோல் வியர்வை பட்டதும் கறுப்புச் செதிலாக உரிந்து பிடரியில் ஒட்டியது. அந்த நாற்றம் சோப்புக்கும் போகவில்லை. ஃபிளாஷ் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. கேமராவில் பூட்டிப் பலமுறை சோதித்துப் பார்த்து, கழற்றி வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் அம்மா கேமராச் சாமான்கள் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் காடி, மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி, எது புதிதாக வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விடமாட்டார்கள். கேமரா வாங்கியபோது அம்மா லென்ஸ் ஓரத்தில் பொட்டு வைக்கப் போக, நான் கத்தியிருக்கிறேன். இந்த முறை எங்கும் பொட்டைக் காணோம். திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் ஃபிளாஷைப் பூட்டி, அதிலேயே இருக்கும் சோதனைப் பொத்தானை அமுக்கினேன். பளீரென்று அடித்தது. போதும் என்று மணமேடை அருகே நின்றேன். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். அமுக்கினேன். ஃபிளாஷ் அடிக்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். திரையில் இரண்டு கறுப்பு உருவங்கள். ஃபிளாஷைப் பிடுங்கிப் பார்த்தால், கேமராவோடு பொருந்தும் அடிப்பாகத்தில், மின்சாரம் பாயும் உலோகப் புள்ளிகளின் மேல், சந்தனம் பொருக்காகக் காய்ந்து குங்குமத்தோடு அப்பியிருந்தது. சோதனைப் பொத்தானுக்குக் கேமராவின் தொடர்பு தேவையில்லை; அதனால்தான் முன்பு அடித்திருக்கிறது.

அம்மா பக்கத்தில்தான் நின்றார். "நீதானே கேமராவுல வைக்காதேன்னு சொன்ன. அதான் யாரு கண்ணுக்கும் படாத எடத்துல வச்சேன்."

ஃபிளாஷை இடுப்பில் செருகிக்கொண்டு, இருட்டிலும் எடுக்கும்படி கேமராவை மாற்றிக் கடைசி முடிச்சை மட்டும் பிடித்தேன். ஒரு படம். விழுந்துவிட்டது. மூச்சு வந்தது.

அதற்குள் மாமா மேடையேறிவிட்டார். "படம் விழல! எல்லாரும் அப்படியே இருங்க! மாப்பிள்ளை, கட்டுற மாதிரி கைய வைங்க!"

"விழுந்துருச்சு மாமா, வேணாம்," என்றேன்.

"பேசாம இரு லா. நீ அந்தப் பொட்டத் தொடச்சிட்டு ஒழுங்கா எடு. அண்ணே, இன்னொரு தரம் கெட்டிமேளம்!"

மேளக்காரர்களும் கொட்டினார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒருவர்கூடக் கூசவில்லை. கையில் அட்சதை தீர்ந்தவர்கள் கம்பளத்தில் கிடந்ததை அள்ளினார்கள். தலைமுடியும் செருப்பு மண்ணும் ஒட்டிய அரிசி அக்காவின் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை வெறுங்கைகளை அவள் பிடரிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். அக்காவும் சிரித்தாள். வேட்டி நுனியால் துடைத்த ஃபிளாஷ் பளீரென்று அடித்தது.

பிறகு ஒருநாள் இரண்டு படங்களையும் அக்காவுக்குக் காட்டினேன். முதலாவது மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது. ஹோமப் புகைக்குள் அவள் தலை குனிந்திருந்தாள். கழுத்துக்குப் பின்னால் முடிச்சிடும் விரல்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அதைத்தான் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"இதுல அழுத மாதிரி இருக்கேன்."

"நீ அழுத, அக்கா. நெஜமாவே."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

இப்போது ஜித்ராவில் அக்காவின் வீட்டு ஹாலில் இரண்டாவது படம் தங்க நிறச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம், "என் தம்பி எடுத்தது," என்று அக்கா பெருமையாகச் சொல்கிறாள். அவர்கள் என் பக்கம் திரும்பிப் பாராட்டுகிறார்கள். படத்தைப் பார்க்காமல், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே நான் தலையாட்டுகிறேன்.