லோனி பிரிச்செட்டைத் திருப்பிப் போட்ட அம்மாள்

ஒரு பேஸ்பால் அணியில் எத்தனை பேர் என்று ஹெட்டி ஸோபெல் அம்மாளுக்குத் தெரியாது. ஒன்பது பேர் என்று யாரோ ஒருமுறை சொன்னார்கள். அவள் நம்பவில்லை, அவள் மேஜைக்கு மட்டும் வருடத்துக்கு முந்நூறு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அந்த முந்நூறு பேரில் யாருக்கு மூக்குமுடி வெளியே எட்டிப் பார்க்கும், யாருக்குத் தாடைக்கடியில் பழைய வெட்டு, யார் முதல்நாள் அடித்த சரக்கு கண்ணில் நிற்கிறது என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

புரூக்ளினில் க்ராஸ்னோ மிட்டாய் கம்பெனியின் மூன்றாம் மாடியில் அவளுக்கு வேலை. கம்பெனி விற்றது பபிள்கம். பையன்கள் வாங்கியது அதற்குள் இருக்கும் அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவர் ஜாதகம். அந்தப் பபிள்கம் வாயில் ஒட்டியதைவிடச் செருப்பில் ஒட்டியதே அதிகம் என்பது முதலாளி க்ராஸ்னோவுக்கே தெரியும்.

படங்களை வசந்த காலத்தில் எடுத்துவிடுவார்கள். அடுத்த டிசம்பரில் சின்சினாட்டி அணிக்காரனை பிலடெல்பியா அணிக்குத் தள்ளிவிடுவார்கள், பிலடெல்பியாக்காரனை வேறெங்கோ. பனியில் போய் எல்லாரையும் மறுபடி நிற்க வைத்துப் படம் எடுக்க முடியுமா? ஹெட்டி எதற்கு இருக்கிறாள்! பழைய தொப்பியை அழித்துவிட்டுப் புதுத் தொப்பி வரைவாள். படம் எடுப்பவர்களும் விவரமானவர்கள். “எதுக்கும் தொப்பியக் கழட்டிட்டு நில்லுப்பா, அந்தம்மா பாத்துக்கும்” என்று சொல்லப் பழகியிருந்தார்கள்.

தொப்பியில் வெளிச்சம் எப்படி விழும் என்று பார்க்க அவள் மேஜையில் ஒரு சூப் பானையைக் கவிழ்த்து, அதன் தலையில் நிஜத் தொப்பி ஒன்றை மாட்டி வைத்திருந்தாள். அந்தக் காலத்து க்ராஸ்னோ அட்டைகளில் பாதிப் பேருக்குத் தலை ஒரே மாதிரி அகலமாக, இரண்டு பக்கமும் பிடி வைத்தாற்போல இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இதற்கு முன் இருபது வருடம், கல்லறைக் கற்களில் பதிக்கும் படங்களுக்குத் தூரிகையால் டச்சிங் செய்துகொண்டிருந்தவள். அந்த வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை. பேஸ்பால்காரர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பி வந்துவிட்டாள்.

புகார் வராமலா? ஸ்டான் குபியாக் என்ற ஆளுக்கு ஒரு கையில் ஆறு விரல் விழுந்தது. டெல்மர் ஹாக் என்பவரின் தோளில், சொந்தக்காரர் இல்லாத ஒரு கை இருந்தது. அந்தப் படத்தில் பக்கத்தில் நின்றவரை வேறு ஊருக்கு விற்றுவிட்டதால் ஹெட்டி அவரை அழித்தாள். கையை அழித்தால் டெல்மரின் தோளும் போய்விடும், அதனால் கையை மட்டும் விட்டுவைத்தாள். பையன்கள் அதற்குப் பேய்க்கை என்று பெயர் வைத்தார்கள்.

“தோள் வேணுமா, கை வேணாமா, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க” என்று முதலாளியிடம் கேட்டாள் ஹெட்டி.

பதில் இல்லாத கேள்வி கேட்பவர்களை க்ராஸ்னோவுக்குப் பிடிக்காது.

ஐம்பத்தைந்தாம் வருடம் வந்தது இன்னொரு வம்பு. வெஸ் கோர்மன் என்ற குறும்புக்கார ஆட்டக்காரன், வலதுகையால் பந்து வீசுபவன், படம் எடுக்கும்போது வேண்டுமென்றே கையுறையை வலதுகையில் மாட்டிக்கொண்டு இடதுகையால் வீசுவதுபோல நின்றுவிட்டான், அட்டையும் அப்படியே அச்சாகிவிட்டது. ஊர் முழுக்கச் சிரித்தது, ஒரு முதலாளியைத் தவிர.

“ஏம்மா ஹெட்டி, கண்ணு எங்க இருந்துச்சு? வீசுறவன் வீசாத கையிலதான் உறை மாட்டுவான். வலதுகையில உறை இருந்தா ஏதோ தில்லுமுல்லுன்னு அர்த்தம். நெகட்டிவத் திருப்பிப் போட வேண்டியதுதான?”

“திருப்பிப் போடணும். சரி.”

“எழுதி வச்சுக்க.”

எழுதி வைத்துக்கொண்டாள். சூப் பானையின் மேலேயே பென்சிலால் எழுதினாள்.

அடுத்த வாரம் லோனி பிரிச்செட்டின் நெகட்டிவ் வந்தது. அர்க்கன்ஸாஸ் பக்கத்து ஆள், வயது முப்பத்தைந்து, சின்சினாட்டியிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாறியவர். நெகட்டிவ் இடம்வலம் மாறி வந்திருக்கிறதா என்று பார்க்க டச்சிங்காரர்களிடம் இரண்டு வழி உண்டு. துணியில் எழுத்து இருந்தால் படித்துப் பார்க்கலாம். எழுத்து இல்லையென்றால் பித்தானைப் பார்க்கலாம். ஆம்பளைச் சட்டைக்கும் பொம்பளைச் சட்டைக்கும் பித்தான் பக்கம் மாறும். லோனி தொப்பி இல்லாமல், எழுத்தும் பித்தானும் இல்லாத ஒரு பனியனோடு நின்றார். இருந்தது ஒரே ஒரு கையுறை. அது வலதுகையில்.

ஹெட்டி சூப் பானையைப் படித்தாள். நெகட்டிவைத் திருப்பினாள். திருப்பிய முகத்தின் மேல் மூன்று நாள் குனிந்து, பிலடெல்பியாத் தொப்பியை அத்தனை அழகாக வரைந்தாள். தொப்பியில் எழுத்து நேராக இருந்ததால் அதற்குப்பின் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நாட்டில் எல்லாப் பையன்களுக்கும் தெரிந்த ஒன்று மூன்றாம் மாடியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. லோனி பிரிச்செட் அசல் நொட்டாங்கைக்காரர். அந்த இடதுகைக்காகத்தான் அவரை இன்னமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அட்டையின் முன்பக்கம் அவர் வலதுகையில் பந்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்பக்கம், ‘வீசும் கை: இடது’ என்று அச்சாகியிருந்தது.

கடிதங்கள் சாக்கில் வந்தன. ஒரு பையன் எழுதியிருந்தான்: “ஐயா, உங்கள் கம்பெனியில் இடது எது, வலது எது என்று தெரிந்தவர் யாராவது இருந்தால் அவருக்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கவும்.”

அதைவிட மோசமாக, லோனியிடமிருந்தே ஒரு தந்தி வந்தது. ‘என்னை வரைந்த ஆளைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை புரூக்ளின் மைதானத்தில் இருப்பேன்.’

க்ராஸ்னோ தந்தியை நாலுதரம் படித்தார். அந்த வருடம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இன்னொரு மிட்டாய்க் கம்பெனி கிளம்பி ஆட்டக்காரர்களை வளைத்துக்கொண்டிருந்தது. படத்தில் குறை இருந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம் என்று ஒரு விதி வேறு இருந்தது.

“கேஸ் போடப்போறான். இல்லன்னா அவன் கூட்டாளிங்க ஒம்போது பேரையும் கூட்டிக்கிட்டு அங்க தாவப்போறான்” என்றார்.

“நீங்கதான் திருப்பச் சொன்னீங்க.”

“நானா? எப்ப?”

ஹெட்டி பானையைக் காட்டினாள்.

“பானையெல்லாம் சாட்சியா? இந்தா, காகிதம் அடிச்சு வச்சிருக்கேன். ‘இந்தப் படத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை.’ கீழ கையெழுத்து. சனிக்கெழமை நீயே போ. அவன் கையெழுத்தோட வந்தா திங்கக்கெழமை வேலைக்கு வா. இல்லன்னா உன் தூரிகைப்பெட்டிய எடுத்துக்க மட்டும் வா.”

அன்று சாயங்காலம் அவளுடைய தங்கை இர்மா சொன்னாள்: “கல்லறை வேலைக்கே திரும்பிப் போயிடேன்க்கா. அவங்க யாரும் தந்தி அடிக்க மாட்டாங்க.”

“அதான் போகமாட்டேன்” என்றாள் ஹெட்டி. “இவனுங்க கண்ணு தெறந்து இருக்கானுங்கடி. இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் கண்ணு வரையுறேன்.”

சனிக்கிழமை அவள் கசகசா ரொட்டி ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டாள். கம்பெனியின் அன்பளிப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாள். படத்துக்குச் சம்மதித்த ஆட்டக்காரர்கள் அதில் ஒரு சாமானைத் தேர்ந்துகொள்ளலாம். கூலிக்குப் பதிலாக ரொட்டி வாட்டும் மெஷின் வாங்கிக்கொண்டு போன வீரர்கள் அந்த நாட்டில் ஏராளம்.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் ஆட்டக்காரர்கள் கைகால் உதறிக்கொண்டிருந்தார்கள். ஹெட்டி வாழ்க்கையில் முதல்தடவையாக அவர்களை முழு உயரத்தில் பார்த்தாள். கால் இருப்பதே ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கு வந்ததெல்லாம் இடுப்புவரைதான்.

“க்ராஸ்னோ கம்பெனிலேர்ந்து வரேன். தொப்பி வரையுறது நான்தான்” என்று காவல்காரரிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அது வேலி நெடுகப் பரவியது.

முதலில் வந்தவர் ஸ்டான் குபியாக். வலதுகையை வேலியில் விரித்து வைத்தார். “எண்ணிப் பாருங்கம்மா. எண்ணுங்க.”

“அஞ்சு.”

“ஊருல எங்கம்மா கேக்குது, கையுறை எப்படிடா பத்துதுன்னு.”

“கட்டைவிரலோட நிழல விரல்னு நெனச்சுட்டேன் தம்பி. நகமெல்லாம் நல்லா வந்திருந்துச்சு, அழிக்க மனசு வரல.”

அடுத்து டெல்மர் ஹாக். “என் தோள்ல இருக்கிற கை யாரோடதுன்னு தினம் ஒருத்தன் கேக்குறான். என் பொண்டாட்டியும் கேக்குறா. அவ சிரிக்காம கேக்குறா.”

“ஆம்பளக் கைன்னு சொல்லுப்பா. மணிக்கட்டுல முடி விட்டுத்தான் வச்சிருக்கேன்.”

“ஏய், இங்க வாங்கடா, நம்ம தலையெல்லாம் பானையாக்குன அம்மா வந்திருக்கு!” என்று யாரோ கத்த, கூட்டம் கூடியது. ஹெட்டி ரொட்டியை வெட்டிக் கம்பியிடுக்கில் நீட்டிக்கொண்டே அவர்களுக்குள் லோனியைத் தேடினாள். அடையாளம் அவளுக்கு மனப்பாடம். இடது கன்னத்தில் மச்சம், மூக்கு வலப்பக்கம் ஒரு சாய்வு.

நெட்டையான ஒருவர் தொப்பியைக் கழற்றி நின்றார். “ஏனுங் அம்மணி, நாந்தானுங்க லோனி பிரிச்செட்.”

ஹெட்டி அவரை உற்றுப் பார்த்தாள். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“இல்ல” என்றாள்.

“என்னது இல்லைங்க?”

“நீங்க லோனி இல்ல. அவர் மொகத்தோட மூணு நாள் இருந்திருக்கேன். எனக்குத் தெரியாதா? வெளையாடாதீங்க தம்பி, என் வேலை போயிரும். நெஜ லோனியக் கூப்பிடுங்க.”

வேலி குலுங்கும்படி எல்லாரும் சிரித்தார்கள். நெட்டையர் மட்டும் சிரிக்கவில்லை. பின்பாக்கெட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது, பலநாள் பாக்கெட்டில் இருந்த அட்டை.

“பாத்தீங்ளா டேய்,” என்றார் மற்றவர்களைப் பார்த்து, “அம்மணிக்கே தெரியுது. நான் இல்லியாம். இதுல இருக்கறவந்தானாம் லோனி.” பிறகு ஹெட்டியிடம் திரும்பினார். “முப்பத்தஞ்சு வருசமா எத்தனையோ பேரு போட்டோப் புடிச்சானுங்க அம்மணி. ஒண்ணுலகூட நானில்லீங்க. எவனோ கோணமூக்கன், எங்க பெரியப்பனாட்டம் ஒருத்தன் நிப்பான். எம்பொண்டாட்டி ‘அதான் நீ’ம்பா. நான் ஒத்துக்கிட்டதே இல்லீங்க. தெனமும் காலைல செரைக்கறப்ப கண்ணாடில ஒருத்தன் நிக்கறானுங்கல்லோ, அவந்தான் நானு. அவனை மொதமொதலாப் படத்துல கொண்டாந்தது நீங்கதானுங்க. அதைச் சொல்லலாம்னுதான் தந்தி அடிச்சேன்.”

ஹெட்டி கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து அவர் முகத்தருகே பிடித்து, பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே மச்சம் சரியான கன்னத்தில் இருந்தது. மூக்கும் சாயவேண்டிய பக்கம் சாய்ந்திருந்தது.

“அட, லோனி!” என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

“சொல்லுங்க அம்மணி” என்றார் கண்ணாடிக்குள் இருந்தவர்.

அவள் காகிதத்தை நீட்டினாள். “இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க தம்பி. குறையில்லன்னு. அடுத்த அச்சுல சரியாத் திருப்பிப் போட்டுருவோம்.”

லோனியின் முகம் மாறியது. “திருப்பவா? எதுக்குங்க?”

“தப்பில்லயா அது? முதலாளி அச்சுத்தகடு போடச் சொல்லிட்டாரு.”

“அப்பப் பெரியப்பன் திரும்பி வந்துருவானுங்களே!”

அவர் காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினார். இடதுகையால் எழுதியதால் எழுத எழுதக் கை மையைத் துடைத்துக்கொண்டே போனது. ஹெட்டி அதை வாங்கிப் படித்தாள். க்ராஸ்னோ அடித்த வரிக்குக் கீழே இப்படி இருந்தது: ‘குறையில்லை. ஆனால் இந்தப் படத்தைத் திருப்பினால் நான் ஆற்றுக்கு அந்தப்பக்கம் போய்விடுவேன். என்னோடு ஒன்பது பேர்.’

“அன்பளிப்பு ஏதாவது…” என்று புத்தகத்தை நீட்டினாள்.

“வேண்டாமுங்க. ரொட்டி மெஷின் ரெண்டு இருக்குது.”

திங்கட்கிழமை ஹெட்டி தூரிகைப்பெட்டியைத் தானே கட்டி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் முதலாளி அறைக்குப் போனாள். க்ராஸ்னோ காகிதத்தைப் படித்தார். தூரப் பிடித்தும் படித்தார்.

“இது என்ன, கையெழுத்தா, மெரட்டலா?”

“ரெண்டும்.”

“திருப்பினா ஒம்போது பேரு போவான். திருப்பலன்னா சாக்குச் சாக்கா லெட்டர் வரும். முன்பக்கம் வலதுங்குது, பின்பக்கம் இடதுங்குது. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணுமா இல்லயா?” அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நின்றார். அந்தக் கம்பெனியை இருபத்தாறு வருடம் நடத்திய மூளை வேலை செய்தது. “முன்பக்கத்தத் தொடாத. பின்பக்கத்த மாத்து.”

“பின்பக்கம் சரியாத்தான இருக்கு?”

“சரியா இருக்கிறதுதான் தொந்தரவு! ‘வீசும் கை: வலது’ன்னு போடு.”

அப்படியாக இரண்டாம் அச்சில் லோனி பிரிச்செட் அதிகாரபூர்வமாக வலதுகைக்காரர் ஆனார். மறுநாள் பிலடெல்பியாவில் இடதுகையால் வீசி மூன்று பேரை வெளியே அனுப்பினார். பையன்களின் கடிதம் வந்த சாக்குகள் இரண்டு மடங்கு ஆயின. அவற்றை யாரும் பிரிக்கவில்லை, ஏனென்றால் அட்டை இப்போது குறையில்லாமல் இருந்தது.

ஹெட்டி தூரிகைப்பெட்டியை அவிழ்த்தாள். அவிழ்த்த வாரமே ஆட்டக்காரர்களிடமிருந்து கடிதம் வரத் தொடங்கியது. லோனி ஊர் ஊராக அட்டையையும் கண்ணாடியையும் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். எனக்கும் அப்படியே போடுங்கள், எனக்கும், எனக்கும் என்று இருபத்திரண்டு பேர். ஸ்டான் குபியாக் ‘ஐந்து விரலோடு’ என்று கூடுதலாக எழுதியிருந்தார். திருப்பினால் நெஞ்சில் எழுத்து இடம்வலம் மாறும், அதை அழித்து எழுத வேண்டும், கையுறையை வேறு கைக்கு மாற்ற வேண்டும். அவளை வேலையைவிட்டு அனுப்பும் பேச்சையே க்ராஸ்னோ விட்டுவிட்டார். உதவிக்கு ஆள் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

அந்த நவம்பரில் ஒருநாள் அவரே மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். கதவைச் சாத்தினார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து, சூப் பானைக்கு மறைவாக வைத்தார்.

“மிட்டாய் வியாபாரிகள் சங்கத்து மலர்ல போடக் கேட்டிருக்காங்க. இது நான் மாதிரியே இல்லம்மா. வகிடு எங்கயோ போகுது. அந்த… லோனிக்குப் பண்ணியே… அத…”

“திருப்பணும்.”

“நான் சொன்னேன்னு வெளிய சொல்லாத.”

“எழுதி வச்சுக்கட்டுமா?”

“வேணாம்!”

ஹெட்டி திருப்பினாள். வகிடு அவர் விரும்பிய பக்கம் போயிற்று. தாடையில்கூட ஒரு கம்பீரம் வந்தது. கூடவே, கோட்டுப் பையிலிருந்த கைக்குட்டை வலது நெஞ்சுக்குப் போனது. பித்தான்கள் இடப்பக்கம் போய், கோட்டு சீமாட்டிகள் போடும் கோட்டானது. ஹெட்டி தூரிகையைச் சாயத்தில் தோய்த்தாள். பித்தான்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தூரிகையைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

“ஆங்!” என்றார் க்ராஸ்னோ படத்தைப் பார்த்து. “இதான் நான்.”

“அச்சு அசல்” என்றாள் ஹெட்டி.