மண்ணெண்ணெய் குடித்த குட்டி வண்டி

கல்ஃபிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்கும்போது எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில் பாதித் தெரு வாசலில் நிற்கும். அந்த லீவுக்கு என் வீட்டுக்காரர் கொண்டுவந்த பெட்டி பெரியது. சோப்புக்கும் கம்பளிக்கும் காத்து நின்றவர்களின் முன்னால் ஒரு சக்கரத்தை எடுத்து வைத்தார். பிறகு இன்னொரு சக்கரம். பிறகு எஞ்சின். "நம்ம பிள்ளைக்கி" என்றார். என் நாத்தனார் சிரித்தே விட்டாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"ஒங்களுக்கு வட்டு பிடிச்சிருக்கா? ஆறாங்கிளாஸ் பொம்பளப்பிள்ளைக்கி மோட்டார்சைக்கிளா?"

அவர் ஸ்பானரை எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் வண்டி எழுந்து நின்றுவிட்டது. அடேயப்பா! என் இடுப்பு உயரம்தான். லைட் இல்லை, ஹாரன் இல்லை, சாவி இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை. மணலில் பாய்வதற்கென்றே பிள்ளைகளுக்குச் செய்ததாம். அறுபத்தைந்து சிசி, ஆறு கியர். உதைத்துக் கிளப்பியதும் என் மூக்குத்தி வரை அதிர்ந்தது. இத்தனூண்டு உடம்புக்குள் இவ்வளவு ஆங்காரமா என்று அசந்து போனேன்.

அதற்கு அவர் செய்த பணிவிடை இருக்கிறதே! லிட்டர் பெட்ரோலுக்கு இருபத்தைந்து மில்லி எண்ணெயை ஊசிக்குழலில் உறிஞ்சி அளந்து கலப்பார். காற்று வடிகட்டும் பஞ்சை ஓட்டம் முடிந்ததும் கழுவிக் காயவைத்து, எண்ணெயில் முக்கிப் பிழிந்து மாட்டுவார். இல்லாவிட்டால் மணல் உள்ளே போய் எஞ்சினை அரைத்துவிடுமாம்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"மொதலாளி வீட்டுப் பிள்ளையளுக்க வண்டிதான் இது. அதுக வளந்ததும் எனக்குத் தந்தாங்க. வெள்ளிக்கிழமையானா பாலைவனத்துக்குக் கொண்டுபோவேன். அதுக பறக்கும். நான் தொடைக்கிற துணியும் வச்சிக்கிட்டு நிப்பேன். நம்ம பிள்ள பறக்கியத ஒரு தடவ சும்மா இருந்து பாக்கணும். அவ்வளவுதான்."

பிறகு எங்கே சண்டை போடுவது? 

மகள் விழுந்து எழுந்து பழகினாள். லீவு முடியப்போகும் ஞாயிறு, தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மணல்மேட்டில் ஓட்டுவதென்று பேச்சு. முந்தின நாள் அவர் டிக்கெட் விஷயமாக வெளியே போயிருந்தபோது என் தம்பி வந்தான். மீன்பிடி வள்ளத்தில் எஞ்சின் ஓட்டுகிறவன். எங்கள் கடலில் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கடைசிவரை பெட்ரோலிலேயே ஓட்டுகிறவனை ஊதாரி என்பார்கள். தம்பி வண்டியை உதைத்தான், சூடாக விட்டான், டாங்கில் மண்ணெண்ணெயை ஊற்றினான். சற்று நேரத்தில் தகரத்துக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். வெள்ளைப் புகை. அப்படியே நின்றுபோனது.

அவர் திரும்பி வந்தபோது வாசலிலேயே வாடை தெரிந்துவிட்டது.

"ஏலே, டாங்க்ல என்னத்த ஊத்துன?"

"மண்ணெண்ணெதான் மச்சான். இதும் நம்ம எஞ்சின் போல டூ ஸ்ட்ரோக்குதானே?"

"ஒனக்க வாயில ஊத்திப் பாருல மண்ணெண்ணெய!" என்று நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. எஞ்சினைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தார். சின்ன டம்ளர் அளவுதான் இருக்கும், அதன் தலையில் ஓரம் கரைந்து போயிருந்தது. இந்த எஞ்சினின் அழுத்தத்துக்கு மண்ணெண்ணெய் உள்ளேயே வெடித்துவிடுமாம். சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். "கீறல் இல்ல. மாதா காத்தா" என்றார். பிறகு உள்ளே போய்ப் பனியனில் சுற்றிய புதுப் பிஸ்டனைக் கொண்டுவந்தார்.

"அடுத்த லீவுக்குன்னு வச்சிருந்தது."

அடுத்த லீவுக்குள் பிள்ளையின் கால் வண்டியைவிட நீளமாகிவிடும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்தையும் பெட்ரோலில் கழுவிக் கொடுத்தான்.

ஞாயிறு பூசை முடிந்து மணல்மேட்டுக்குப் போனோம். புதுப் பிஸ்டன் பழகட்டும் என்று முதலில் மெதுவாக ஓட்டச் சொன்னார். வண்டி கொசுபோல முனகிக்கொண்டு சுற்றியது. இதற்கா இத்தனை பாடு என்றுகூட நினைத்தேன். பிறகு அவர் கையைக் காட்டினார். எங்கிருந்து வந்ததோ அந்தப் பலம், சத்தமே வேறாகிவிட்டது. மேட்டில் ஏறியவள் இறங்கவில்லை, மேலேயே போனாள். சக்கரத்துக்கும் மணலுக்கும் நடுவில் எனக்குக் கடல் தெரிந்தது. "என் மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தேன். என் வயிற்றில் பிறந்ததா இது?

திரும்பி அவரைப் பார்த்தேன். மனிதர் குனிந்து, வாளியில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

மகள் வந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினாள். "பாத்தீங்களாப்பா?"

அவர் ஈரத் துணியோடு ஓடிப்போய் வண்டியைப் பிடித்துக்கொண்டார். அவள் அவரையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துணியைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தொடைக்கியத நான் பாத்துக்கிடுதேன். நீங்க அங்க இரிங்கப்பா. இன்னொருக்க போறேன்."

அவர் மணலில் உட்கார்ந்தார். வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி மேட்டில் ஏறியது, அவர் அண்ணாந்து பார்த்தார்.