டிராயருக்குள் நூற்றுப் பன்னிரண்டு சாமான்கள்

விமானங்களைப் பழுது பார்க்கும் அந்த ஹேங்கரில் ஸ்டோர் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. விமானத்தைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கி, இழுத்துப் போகும் கம்பி, இறக்கையை எட்ட உதவும் ஏணி என்று நூற்றுப் பன்னிரண்டு சாமான்கள் அவள் பொறுப்பு. எது எங்கே நிற்கிறது என்று கேட்டால் தலையைத் தூக்காமலே பதில் வரும். பத்தொன்பது வருஷப் பழக்கம். வீட்டில் மட்டும் தினமும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள். "ஹேங்கருக்கு போன் போட்டுக் கேளும்மா" என்று மகள் கிண்டலடிப்பாள்.

போன வருஷம் புது சாஃப்ட்வேர் வந்தது. ஒவ்வொரு சாமானிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். காலையில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய், இருக்கிறதா, நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டிக்கரில் ஸ்கேனரைக் காட்ட வேண்டும். பீப் என்றால் திரையில் பச்சை விழும். சுற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம். அக்காவின் இடது முழங்கால் பாதி வழியிலேயே மக்கர் பண்ணியது. சொல்லியிருக்கலாம். சொன்னால் வயதாகிவிட்டது என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டாக அச்சடித்ததில் மிஞ்சிய ஸ்டிக்கர்களை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி டிராயரில் வைத்தாள். அப்புறம் நாற்காலியை விட்டு எழாமல், டீ ஆறுவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பீப். ஒருநாளும் பச்சை தவறவில்லை என்று மாதக் கூட்டத்தில் மேனேஜர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். அவளும் நின்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சக்கரம் மாற்ற ஒரு விமானம் வந்து நின்றது. பதினேழாம் நம்பர் ஜாக்கியைக் காணோம். திரையிலோ காலை எட்டு நாற்பதுக்குப் பச்சை. கடைசியாக அதை எடுத்தவர் என்று பதிவாகியிருந்தது மீசை மெக்கானிக்கின் பெயர். காலையில் ஜாக்கி நிற்கும் பக்கம் தனியாக வேலை பார்த்ததும் அவன்தான்.

"ஜாக்கிக்குக் கால் முளைச்சுதா? வெளியே யாருக்குய்யா கொடுத்தே?" என்றார் சூப்பர்வைசர்.

"சார், அதை நான் கண்ணால பார்த்தே ஒரு மாசம் ஆச்சு."

"அப்போ சிஸ்டம் பொய் சொல்லுதா?" சூப்பர்வைசர் கையை நீட்டினார். மீசை தன் கேட் பாஸைக் கழற்றிக் கொடுத்தான். சாயங்காலத்துக்குள் ஜாக்கி வராவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்கக்கா. காலைல அது அங்க இருந்துச்சா?"

அவள் திரையைப் பார்த்தாள். "சிஸ்டத்துல பச்சையா இருக்கே, தம்பி" என்றாள்.

அது பொய் இல்லை. அதுதான் கேவலம்.

மதியம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மீசை டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"பார்க்காம பார்த்தேன்னு போடுற ஆளா நீங்க? உங்களை எனக்குத் தெரியாதா? நானே எங்கயாவது தள்ளி வெச்சுட்டு மறந்துட்டேனோன்னு பயமா இருக்குக்கா."

பாதிச் சாப்பாட்டில் தன் டிபன் பாக்ஸை மூடினாள். அக்கா எழுந்து ஸ்டோருக்குப் போனாள். அட்டையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து சூப்பர்வைசர் அறைக்கு நடந்தாள். மேசை மேல் மீசையின் கேட் பாஸ் கிடந்தது. அதன் பக்கத்தில் அட்டையை வைத்தாள்.

"இதுலதான் சார் தினமும் பீப் அடிச்சேன். நாலு மாசமா எதையும் போய்ப் பார்க்கலை."

அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போய் ஜாக்கியைத் தேட ஆட்களைக் கூப்பிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

ஒரு மணி நேரம் தேடியதில் ஜாக்கி கிடைத்தது. பெயின்ட் அடிப்பவர்கள் என்றோ ஓரங்கட்டியது, அவர்கள் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் சக்கரம் உடைந்து கிடந்தது. கேட் பாஸ் மீசையிடம் திரும்பிப் போனது.

மறுநாள் காலை அக்கா ஸ்கேனரோடு நடந்தாள். மீசை ஜாக்கியின் அருகில் குந்தி, அதற்குப் புதுச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான். வழக்கமாக "கால் எப்படி இருக்குக்கா?" என்பவன், ஸ்டிக்கர் தெரியும்படி நகர்ந்துகொண்டான்.

"வந்து பார்த்துக்கோங்க மேடம்" என்றான்.

அவள் குனிந்தாள். பீப். இன்னும் தொண்ணூற்றைந்து சாமான்கள் இருந்தன.