காகம் இறங்காத மத்தியானம்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னர் என் கைக்கு ஒரு பெட்டிக் கமரா வந்தது. மலாயாவில் ரயில் வேலை பார்த்த என் சித்தப்பாவின் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. திரும்பிப் போகும்போது சுமை கூடிவிட்டது என்று சொல்லி அதையும் இரண்டு பிலிம் சுருளையும் என்னிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினார். ஒரு சுருளில் எட்டுப் படம் பிடிக்கலாம். ஒரு படம் எடுத்ததும் பக்கத்திலிருக்கும் திருகியைத் திருகி அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் முதல் படத்தின் மேலேயே அடுத்த படமும் விழுந்துவிடும். இதை அவர் மூன்று தரம் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பது அவருக்குத் தெரியும்.

ஆட்களைப் படம் எடுக்க என்னால் முடியவில்லை. ஒருவரைப் பார்த்து இப்படி நில்லுங்கள், அங்கே பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் எழாது. பறவைகளிடம் அந்தத் தொல்லை இல்லை. ஊர்காவற்றுறையின் மேற்குக் கரையில், அனலைதீவைப் பார்த்தபடி இருந்தது எங்கள் வீட்டு வளவு. காலையில் புலுனிக் குருவிகள் ஏழெட்டு ஒன்றாக வந்து சருகைக் கிளறும். வேலியோரமாகச் செண்பகப் பறவை நடந்துபோகும். ஆனால் அந்தக் கமரா பத்தடிக்குக் கிட்ட எதையும் தெளிவாகப் பார்க்காது. பத்தடி தள்ளி நின்று எடுத்தால் புலுனி ஒரு பயறளவுதான் விழும். முதற் சுருள் அப்படியே வீணாயிற்று. அதன் பிறகுதான் காகத்தைப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். காகம் பெரிது, கறுப்பு. கடலிலிருந்து வெட்டிய முருகைக்கல்லால் கட்டிய எங்கள் மதிலோ வெள்ளை.

அந்த மதிலில்தான் அக்கா தினமும் மத்தியானம் காகத்துக்குச் சோறு வைப்பாள். காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். மதிலுக்கு எதிரே உரலைக் கவிழ்த்து அதன்மேல் கமராவை வைத்தேன். ஆடாமலிருக்க மேலே ஒரு கல். விசையில் கறுப்பு நூலைக் கட்டி, அக்கா சமைக்கும் குசினியின் யன்னல்வரை இழுத்துக்கொண்டு, உள்ளே மணையில் குந்தியிருப்பேன்.

காகங்கள் வரவில்லை. பனையில் இருந்தபடி கமராவின் கண்ணாடியை ஒரு கண்ணால் பார்க்கும்; பிறகு தலையைத் திருப்பி மற்றக் கண்ணால் பார்க்கும். கமராவை எடுத்துவிட்டு அதேயிடத்தில் ஒரு தகரப் பேணியை வைத்தேன். உடனே இறங்கி வந்து தின்றன. அவை பயந்தது கண்ணாடிக்குத்தான். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. கமரா வெளியே இருக்கும் நாட்களில் அக்கா சோற்றைக் கிணற்றுக்கட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். ஒரேயொரு சனிக்கிழமை மட்டும், மதிலில் நான் தூவியிருந்த வெறுஞ் சோற்றுக்கு ஒரு காகம் இறங்கியது. நூலை இழுத்தேன். படம் விழுந்ததா, அதற்குள் பறந்துவிட்டதா என்று தெரியவில்லை.

வேலிக்கு அப்பாலிருந்த கிழவர் கேட்டார்: "தம்பி, மூண்டு மாசமாய் காகத்துக்குப் பெண் பார்க்கிறீரோ? ஒண்டும் சரிவரேல்லைப் போல."

வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அத்தான் புகையிலை ஏற்றிய தோணியில் நாகபட்டினத்துக்குப் போனவர். அந்தக் கார்த்திகையில் பெருங்காற்று அடித்தது. தோணி அங்கேயும் சேரவில்லை, இங்கேயும் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரையொதுங்கவில்லை. இரண்டு வருடமாகியும் அக்கா தாலியைக் கழற்றவில்லை. காலையில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் அடுப்பு மூட்டுவாள். ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கோயிலில் பெண்கள் அவளுக்கு முன்னால் விலகி நிற்பார்கள்.

ஆடி மாதம் பிறந்ததும் அத்தானின் தமையன் தன் மனைவியோடு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் குரல் பெரிது. தர்ப்பையால் தம்பியின் உருவம் செய்து எரித்து, முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையையும் செய்து முடிக்கவேண்டும் என்றார். "அவன் அங்கை தண்ணியில்லாமல் அலையிறான். நாங்கள் இஞ்சை பார்த்துக்கொண்டு இருக்கிறம்."

புருஷனின் தமையனோடு அக்கா நேரே பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தம்பி, அவரிட்டைச் சொல்லு. அமாவாசையண்டைக்கு அவரின்ரை பேரிலை நான் ஒரு இலை வைக்கிறன். காகம் தொட்டால் தாலியை நானே கழட்டித் தாறன். தொடாட்டி அவர் இருக்கிறார். பிறகு ஒருத்தரும் என்னைக் கேக்கக்கூடாது."

நான் திருப்பிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. "உது என்ன கதை?" என்று அவர் சிரித்தார். "காகம் ஆரின்ரை சோத்தை விட்டது? சரி, வையுங்கோ. நான் வந்து பாக்கிறன்."

தமையன் சொன்னது சரிதான். எங்கள் வளவுக் காகங்கள் எதையும் விட்டதில்லை.

அமாவாசையன்று அவர்கள் இருவரும் நேரத்தோடு வந்து வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். அக்கா முழுகி, சமைத்து, வாழையிலையில் அத்தானுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கறியோடு சோறு போட்டுக் கொண்டுவந்தாள். கமரா இருக்கும் நாட்களில் போகும் கிணற்றுக்கட்டுக்குப் போகாமல் மதிலில் கொண்டுபோய் வைத்தாள். உரலின்மேல் என் கமரா இருந்தது. காலையில் வைத்தவன் எடுக்க மறந்துவிட்டேன்.

"கா... கா..." என்று அழைத்துவிட்டு வந்து, குசினி யன்னலடியில் மணையில் குந்தியிருந்த என் பின்னால் நின்றாள்.

காற்று நின்றுவிட்டது. கடல் வற்றிக் கிடந்தது. சாதாளைப் பாசியின் நாற்றம் வளவுக்குள் வந்தது. காகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பனையிலும் வேலிக்கு நட்ட கதியால் தடிகளிலும் இருந்தன. பதினொன்று எண்ணினேன். ஒன்றுகூடக் கத்தவில்லை. சோற்றைக் கண்டால் கூட்டத்தைக் கூப்பிடுவதுதான் காகத்தின் குணம். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நேரம் போகப் போகத் தமையனின் மனைவி கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவை ஏன் வரவில்லை என்பது எனக்கு விளங்கியது. எழுந்துபோய்க் கமராவை எடுத்தால் போதும். தமையன் நேர்மையாகக் காத்திருக்கிறார், இது ஏமாற்று. எடுத்தால் அக்காவின் கழுத்து வெறுங்கழுத்தாகும். நான் எழுந்திருக்கவில்லை. நூல் என் விரலில் சுற்றியிருந்தது.

அப்போது பதினொரு காகமும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. அதுவரை கமராவைப் பார்த்தவை இப்போது இலையைப் பார்த்தன. பெரிய காகம் ஒன்று வரும்போது சிறியவை ஒதுங்குமே, அப்படி வேலியில் இருந்தவை பக்கவாட்டில் நடந்து இடம்விட்டன. மதிலில் ஒன்றுமில்லை, இலையும் சோறும் வெயிலும் மட்டும்தான். என் கை நூலை இழுத்துவிட்டது. ஏன் இழுத்தேன் என்று தெரியாது.

வெயில் சாயும்வரை இருந்துவிட்டுத் தமையன் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "சரி தம்பி. சொன்னது சொன்னதுதான். இனி நான் கேக்கமாட்டன்." மனைவி அவருக்கு முன்னால் வேலிப் படலையைத் தாண்டிவிட்டாள்.

இலையை எடுக்க நான் போனேன். சோறு வைத்தபடியே இருந்தது. இலையின் ஓர் ஓரம் மட்டும் மடிந்து நசுங்கியிருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். அன்று காற்றில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பின்னேரம் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "அக்கா, காகம் வராததுக்குக் காரணம் என்ரை கமராதான். நான் எடுத்திருக்கவேணும்."

அவள் சிரித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "மூண்டு மாசமாய் நீ படுற பாட்டை நான் குசினிக்குள்ளை நிண்டு பாக்கேல்லையோ? அதுக்குத்தானேயடா அங்கை கொண்டுபோய் வைச்சனான். நீ எங்கை எழும்பிப்போய் எடுத்துப்போடுவியோ எண்டுதான் உனக்குப் பின்னாலை நிண்டனான்."

மிச்சப் படங்களையும் எடுத்து, என் எண்ணிக்கையில் எட்டானதும் சுருளைக் கழற்றி யாழ்ப்பாணத்திலிருந்த படக்கடைக்கு அனுப்பினேன். இரண்டு கிழமையில் தபாலில் வந்தது. எட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஏழு படம். எங்கோ ஒரு தரம் திருக மறந்திருக்கிறேன்.

நாலாவது படத்தில் எங்கள் மதிலும் அமாவாசை இலையும் இருந்தன. இலையின்மேல் ஒரு காகம். அதன் உடம்புக்கூடாக முருகைக்கல்லின் பொருத்துகள் தெரிந்தன. தலை குனியவில்லை, நேரே கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைக் காகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு திருகாமல் விட்டு, அமாவாசையன்று அதன்மேலேயே எடுத்துவிட்டேன். வேறு வழியில்லை. ஆனால் சனிக்கிழமை மதிலில் இலை இருக்கவில்லை, வெறுஞ் சோறுதான். இந்தக் காகமோ ஒரு காலால் இலையின் ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றது. காலுக்குக் கீழே ஓரம் மடிந்திருந்தது.

ஒளிக்க நினைத்தேன். அதற்குள் அக்கா மாக் கையோடு வந்து என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது எப்பிடி?"

"திருக மறந்தால் ரெண்டு படமும் ஒண்டாய் விழும் அக்கா. அது முந்தின சனிக்கிழமைக் காகம்."

"மறந்தனியோ?"

"மறந்திருப்பன்."

"இருப்பன் எண்டு சொல்லாதை. மறந்தனியோ, இல்லையோ?"

அவளுடைய கை கழுத்தடியில் இருந்தது. மா தாலிக்கொடியில் ஒட்டியது. இலையின் ஓரத்தை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

"ஓம், மறந்துபோனன்," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போனாள். அம்மி ஓசை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னாள். பூட்டினேன். சோறு போட்ட இலையைக் கொண்டுபோய் மதிலில் வைத்துவிட்டு, குசினி வாசலில் மதிலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"நீ பார். ஆனால் எனக்கு ஒண்டும் சொல்லாதை. முடிஞ்சால் முடிஞ்சுது எண்டு மட்டும் சொல்லு."

காகங்கள் இறங்கின. இலைக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஆறு. நடுவில் ஒரு காகம் நிற்கக்கூடிய இடம் விட்டிருந்தன. உடனே தின்னவில்லை. இலையைப் பார்த்தபடி, வேறு யாரோ சாப்பிட்டு முடியட்டும் என்பதுபோல் நின்றன. பிறகு ஒன்று கத்தியது. எல்லாம் சேர்ந்து கொத்தத் தொடங்கின.

"முடிஞ்சுதோ?" என்று அக்கா திரும்பாமலே கேட்டாள்.

"முடிஞ்சுது."

அவள் தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, எனக்குச் சோறு போட வந்தாள். இன்றுவரை அப்படித்தான் சாப்பிடுகிறோம். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் சொன்னதில்லை.